அடி எண்ணும் கருவியும் அருகிருப்போரும்

புற்றுநோய் என்னும் சொல்லை எங்கள் ஊரார் வாய்விட்டுச் சொல்வதில்லை. "அந்த வருத்தம்" என்பர். அதற்கு மேல் கேட்பாரும் இலர். ஒரு பிள்ளை மகரகமைக்குப் போய்ச் சிகிச்சை பெற்று, நோய் மாறி வீடு திரும்பிய பின்னரும் இம்மௌனம் நீங்குவதில்லை. புதுக்குடியிருப்பில் நான் கற்பிக்கும் பாடசாலைக்கு அவ்வாறு மீண்டு வந்தாள் ஒரு மாணவி. விளையாட்டுப் பாடவேளைகளில் அவளை மைதானத்துக்கு விடாது, நூலகத்தில் புத்தகம் அடுக்கும்படி இருத்தியவன் நானே. அதனை அன்பென்று எண்ணியிருந்தேன். ஒருநாள் அவள், "ஐயா, எனக்கு வருத்தம் மாறீட்டுது, உங்களுக்குத்தான் இன்னும் மாறேல்லை" என்றாள். பண்டிதர் பரீட்சையில் சித்தியெய்தியவனுக்கு அதற்கு விடை தெரியவில்லை.

இரத்தப் புற்றுநோய்க்குரிய சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டுகள் நீள்வது. நோயைக் கொல்லும் மருந்துகள் உடலையும் வாட்டாமல் விடுவதில்லை. வின்கிறிஸ்டீன் என்னும் மருந்து பாதத்து நரம்புகளைத் தாக்கும். டொக்சோரூபிசின் இதயத்தைத் தளர்த்தக் கூடும். ஸ்டீரொயிட் வகையின எலும்பையும் தசையையும் நலியச் செய்யும். ஆதலின் மீண்டெழுந்த பிள்ளைக்கு உடலியக்கம் ஏனைய பிள்ளைகளுக்கு வேண்டுவதினும் மிகுதியாக வேண்டற்பாலது. அதே காரணத்தால், வைத்தியரைக் கேளாது தொடங்கலும் ஆகாது. 2020ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டல், புற்றுநோயிலிருந்து மீண்ட வளர்ந்தோரும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான இயக்கம் கொள்ளுதல் நன்று என்கின்றது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்குப் பொதுவில் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடம். நூலகத்தில் இருத்திய என் அன்பு இவ்விரு கணக்கிலும் அடங்குவதன்று.

இனி, கருவிகளைப் பற்றிய பேச்சுக்கு வருவோம். மணிக்கட்டில் அணியும் பட்டியும் சட்டைப்பையிலிருக்கும் கைத்தொலைபேசியும் நாம் வைக்கும் அடிகளை எண்ணுகின்றன. இவற்றைக் கொண்டு மீண்டெழுந்த இளையோரை நடக்கத் தூண்டலாமா என்று அமெரிக்காவிலே சோதித்திருக்கின்றனர். 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில் 21 முதல் 39 வயதுடைய 86 பேர், 12 வாரங்கள் முகநூல் வழியாகச் சேர்ந்து பயின்றனர். மெல்லிய இயக்கம் அவர்களிடம் கூடியது. கடிய இயக்கத்தைப் பொறுத்தவரை, ஒப்பீட்டுக்கென வைத்த மற்றக் குழுவினரினும் அவர்கள் விஞ்சவில்லை. 2017இல் வெளிவந்த மற்றொன்றிலே 14 முதல் 18 வயதுடைய 59 பேர். சிலருக்கு ஃபிட்பிட் பட்டியும் முகநூல் குழுவும் பத்து வாரத்துக்குக் கொடுத்தனர். பிள்ளைகள் விரும்பி அணிந்தனராம். எனினும் இயக்கத்தின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. கருவி பிடித்திருந்தது, கால் எழவில்லை.

இதற்கு எதிர்நிறுத்திப் பார்க்க வேண்டியது 2025 ஜூனில் வெளியான பேராய்வு. கனடாவினர் முன்னின்று நடத்தியது. பெருங்குடற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சையும் மருந்தும் முடிந்த 889 பேரில் ஒரு சாராருக்கு மூன்றாண்டுகள் உடற்பயிற்சித் துணை வழங்கினர். மறு சாராருக்கு நூல் வடிவில் அறிவுரை மட்டும். எட்டாண்டின் பின் முன்னையோருள் நூற்றுக்கு 90 பேரும் பின்னையோருள் 83 பேரும் உயிரோடிருந்தனர். அவர்கள் முதியோர், நோயும் வேறு, ஆதலின் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்தல் தகாது. நான் கவனித்தது பிறிதொன்று. அங்கே முதல் ஆறு மாதமும் இரு வாரத்துக்கொருமுறை பயிற்றுநர் ஒருவர் நோயாளியை நேரே கண்டு பேசினார். வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயுற்றவன், மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு உழைச்செல்வானையும் எண்ணினார். கைத்தொலைபேசி இந்நான்கனுள் மருந்தின் பக்கம் நிற்பது. அதனை உழைச்செல்வானாக்க முயன்ற இடத்தேதான் முயற்சி சோர்ந்தது என்பது என் துணிபு.

நாளுக்கு 10,000 அடி என்னும் எண்ணையும் பலர் வேதவாக்காகக் கொள்கின்றனர். அது 1965இல் யப்பானிலே விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் பெயர். வைத்தியர் வகுத்த அளவன்று.

எங்கள் வன்னியிலோ கருவிக்கும் சில இடர்கள் உள. பிள்ளைகள் துவிச்சக்கரவண்டியில் வருவோர். கூடையிற் கிடக்கும் தொலைபேசி அதனை நடையாகக் கொள்ளாது. அடி எண்ணுவதற்கு டேட்டா வேண்டாம் என்பது ஓர் ஆறுதல். ஒரே தொலைபேசி வீட்டார் எல்லார்க்கும் பொது. போரில் கால் இழந்தோரும் எலும்புப் புற்றால் கால் இழக்கும் இளையோரும் உளர். அவர்க்கு அடிக்கணக்கு நீதியான அளவுகோல் அன்று. 2009க்குப் பின் மீளக் குடியேறியபோது, மிதித்த பாதை விட்டு விலகாதீர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்தோம். அவ்வச்சம் இன்னும் தாய்மார் வாயில் இருக்கின்றது. ஆனால் நடை இந்நாட்டுக்குப் புதிதன்று. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள், ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்தோர் திரட்டிய பணம் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு உதவியது. நோயாளருக்காகப் பிறர் நடந்தனர். மீண்டவர் தாமே நடக்க நாம் விட்டோமில்லை.

அம்மாணவியின் தாயிடம், அடுத்த கிளினிக்கில் கேட்டு வரும்படி சொன்னேன். நடக்கலாம், மெல்ல ஓடவுங் கூடும், நெஞ்சு படபடத்தால் நிறுத்துக என்றாராம் வைத்தியர். அக்கேள்வியை அதற்கு முன் நாங்கள் எவருமே கேட்டதில்லை. வெளிநாட்டிலிருக்கும் மாமனார் ஒருவர் தொலைபேசியில் அடிமானியை ஏற்பாடு செய்து, இரவுதோறும் "இண்டைக்கு எத்தனை?" என்று கேட்டார். ஒரு மாதம் எண் ஏறிற்று. அவருக்கு இரவு வேலை வந்தது, கேள்வி நின்றது, எண்ணும் இறங்கிற்று. பின்னர் வகுப்புத் தோழியர் இருவர் மாலையில் அவளோடு நடக்கத் தொடங்கினர். சீனி வருத்தக்காரனாகிய என்னையும் நடக்கும்படி வைத்தியர் பணித்திருந்தமையால், காலையில் பள்ளி வாயிலில் அவள் எண்ணையும் என் எண்ணையும் ஒப்பிடுவதென்று உடன்பட்டோம். பெரும்பாலும் தோற்பவன் நான்.

சென்ற வாரம் இரண்டு நாள் அவளிடம் எண் இல்லை. தாய் தொலைபேசியைக் கொண்டு முல்லைத்தீவுக் கச்சேரிக்கு அலுவலாகப் போய்விட்டாராம். "அப்போ நடக்கேல்லையோ?" என்றேன். "படலையடியில வந்து நிண்டு கூப்பிட்டால் எப்படி ஐயா நடக்காமல் இருக்கிறது?" என்றாள். என்னிடம் எண் இருந்தது: 2,140. கேட்பாள் என்று அஞ்சி மணியடிக்கு முன்னே வகுப்புக்குள் நுழைந்துவிட்டேன்.