கூரை மேல் ஓடம்

நண்பன் ஒருவன் கயாக் வாங்கிவிட்டான். (பெயர் வேண்டாம். அவன் மனைவி இந்தப் பக்கத்தைப் படிப்பவர்; விலையில் பாதியைத்தான் அவரிடம் சொல்லியிருக்கிறான்.) கயாக் என்பது ஒற்றை ஆள் துடுப்புப் படகு. பனிப் பிரதேசத்து இன்யூட் மக்கள் சீல் தோலில் செய்ததை இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். இவனுடையது 12 அடி, 25 கிலோ.

ஞாயிறு காலை, அடையாறிலிருந்து முட்டுக்காடு. படகைக் கார் கேரியரில் ஏற்றி, துணி காயப் போடும் நைலான் கயிற்றால் கட்டினான்.

"ஆடுதாடா?"

"அசையலை மச்சி."

வாஸ்தவம். கார் நின்றுகொண்டுதானே இருந்தது!

திருவான்மியூர் தாண்டி, வேகம் 70-ஐத் தொட்டதும் தலைக்கு மேல் யாரோ தவில் வாசித்தார்கள். படகின் மூக்கு மெல்ல எழும்பி வானத்தைப் பார்த்தது. பதறிப்போய்க் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன். ஒரு ஸ்கூட்டர். அப்பா, அம்மா, முன்னால் நின்றபடி ஒரு குழந்தை. படகைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டு வந்தது.

வயிற்றைப் பிசைந்தது. ஓரம் கட்டினோம். மீதி தூரம் சைக்கிள் வேகம்தான்.

முட்டுக்காட்டில் படகு ஓட்டும் பையன் சிரித்தான். "சார், கொடிக்கயிறு துணியைத்தான் தாங்கும்."

அவன் சொல்லித் தந்தது, என் பி.காம். மூளைக்கு டபுள் என்ட்ரியாகப் புரிந்தது. குறுக்கே இரண்டு பட்டை: படகு எழும்பாமலிருக்க. மூக்கிலும் வாலிலும் ஆளுக்கொரு கயிறு, காரின் இழுவை வளையத்துக்கு: பக்கவாட்டில் திரும்பாமலிருக்க. ஒன்று விட்டாலும் டேலி ஆகாது.

நைலான் இழுத்தால் நீளும். பாலியஸ்டர் பட்டை அவ்வளவு நீளாது. கையால் இழுத்து இறுக்கினால் போதும். ராட்செட் போட்டு முறுக்கினால் படகு நசுங்கும். கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது கார் கையேட்டில் இருக்கும்; கேரியரின் எடையும் அதில் சேர்த்தி. வேகம் இரு மடங்கானால் காற்றின் தள்ளு நான்கு மடங்கு. கிளம்பிய கொஞ்ச தூரத்தில் நிறுத்தி, மறுபடி இழுத்துப் பார்க்க வேண்டும்.

'என்கிட்ட கயாக்கே இல்லையே' என்கிறீர்களா? வீடு மாறும்போது மெத்தை இருக்கும். அதற்கும் இதே கணக்குதான். கட்டுகிற கயிறு நம் சாமானுக்காக மட்டுமில்லை, பின்னால் வருகிற ஸ்கூட்டருக்காக.

திரும்பும்போது கடையில் பட்டை வாங்கிக் கட்டியும் நண்பன் 40-ஐத் தாண்டவில்லை. வழியில் திடீரென்று, "விலையை அவகிட்ட முழுசா சொல்லிடறேன்டா" என்றான்.

பயம் மனிதனை எப்படியெல்லாம் திருத்துகிறது!