கொம்புள்ளதெல்லாம் பகையன்று



சென்ற மழைக்காலத்து இரவொன்றில், விளக்கொளியை நாடி வந்த கரிய வண்டொன்று நமது மேசைமேல் விழுந்தது. அதன் தலையில் கொம்பிருக்கக் கண்டோம். தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டென்று எண்ணி, அக்கணமே செருப்பால் அடித்துக் கொன்றோம். மறுநாட் காலை அதனைக் கையிலெடுத்து நோக்கிய பின்னரே, நாம் கொன்றது உழவனின் தோழனாகிய சாணி வண்டை என்பது புலனாயிற்று.

இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உணர்கொம்பின் நுனி சிறு தகடுகளாகப் பிரிந்து விசிறிபோல் விரிவது அக்குடும்பத்தின் அடையாளம். சாணி வண்டுகளுள்ளும் கொம்புடையவை பல உண்டு. ஆதலின் கொம்பை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். மூன்று இடங்களை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, முதுகு. கடினமான இரு மேலிறகுகளும் கூடும் முன்முனையில், காண்டாமிருக வண்டுக்குச் சிறு முக்கோணத் தகடொன்று தெளிவாகத் தெரியும். கொம்புள்ள பெரிய சாணி வண்டுகளில் அது பொதுவாகத் தெரிவதில்லை.

இரண்டாவது, அடிப்புறம். வண்டைப் புரட்டிப் பாருங்கள். நடுக்கால்கள் இரண்டும் அடியில் மிகவும் விலகி நின்றால் அது சாணி வண்டு. நெருங்கியிருந்தால் காண்டாமிருக வண்டு.

மூன்றாவது, தலையின் முன்விளிம்பு. சாணி வண்டுக்கு அது மண்வெட்டிபோல் அகன்று தட்டையாகி வாயை மறைத்திருக்கும். மற்றதற்குக் குறுகியிருக்கும்.

காண்டாமிருக வண்டு ஏறத்தாழ 35 முதல் 50 மில்லிமீட்டர் நீளமுடையது. ஆணின் கொம்பு நீண்டது. பெண்ணின் வால் நுனியில் செம்பழுப்பு மயிர் அடர்ந்திருக்கும். தென்னையின் விரியாத குருத்தை இது துளைப்பதால், ஓலை விரியும்போது கத்தரியால் வெட்டியதுபோல் தோன்றும். இதன் வெண்புழு எருக்குழியில் வளர்கிறது. குழியைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழித்தல் நன்று.

சாணி வண்டோ சாணத்தை மண்ணுக்குள் இழுத்துச் சென்று நிலத்திற்கு உரமூட்டுகிறது; ஈக்கள் பெருகுவதையும் குறைக்கிறது. இதன் அருமையை ஆஸ்திரேலியா நன்கறியும். 1788இல் குடியேறியோர் அங்கு மாடுகளைக் கொண்டு சென்றனர். அந்நாட்டு வண்டுகளோ கங்காரு முதலியவற்றின் புழுக்கைக்கே பழகியவை. மாட்டுச் சாணம் புல்வெளிகளில் காய்ந்து கிடந்தது, ஈக்கள் பெருகின. முடிவில், 1965 முதல் 1985 வரை, அரசின் ஆய்வு நிறுவனமே பிற நாடுகளிலிருந்து சாணி வண்டுகளைத் தருவித்து வளர்த்துப் பரப்ப வேண்டியதாயிற்று.

அவர்கள் கடல் கடந்து தேடிப் பெற்றதை நாம் வீட்டு மேசையில் அடித்துக் கொன்றோம். நீங்களாவது செருப்பை ஓங்குமுன் வண்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.