கல்குழியில் மண் சேரும். காணி யாருக்குச் சேரும்?

தலவாக்கலையில் ரயிலேறி வட்டகொடை வழியாக நானுஓயாவுக்குப் போகிறவர்கள் இருபுறமும் தேயிலை மலைகளைப் பார்க்கிறார்கள். அந்த மலைகளுக்கு நடுவே கைவிடப்பட்ட கல்குவாரிகள் கிடப்பதை அவர்கள் கவனிப்பதில்லை. தோட்டத்துத் தொழிற்சாலைக்கும், துரை பங்களாவுக்கும், லயத்து அத்திவாரத்துக்கும், பாதைக்கும் கல் வேண்டியிருந்தது. நமது முன்னோர் கல்லுடைத்துக் கொடுத்தார்கள். கல் போய்ச் சேர்ந்தது. குழி மட்டும் இங்கேயே கிடக்கிறது.

இன்று இந்தக் குழிகளைப் பற்றிப் பேச வேண்டிய காலம் வந்துவிட்டது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகள் சரிந்தன. எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும், மரக்கறிப் பாத்தியையும், மாட்டுப்பட்டியையும் விட்டு வெளியேறின. அதற்கு முன்னரும் நீர்த்தேக்கங்களுக்காக நமது மக்கள் இடம்பெயர்ந்திருக்கிறார்கள். 1985இல் கட்டி முடிக்கப்பட்ட கொத்மலை நீர்த்தேக்கத்துக்காகக் கிராமத்து விவசாயக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் எழும்பிப் போயின. 2012இல் இயங்கத் தொடங்கிய 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்துக்காகத் தலவாக்கலைப் பகுதிக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில் வேறிடம் போயின. இப்படி இடம்பெயர்ந்தவர்கள் பயிர்செய்யக் காணி கேட்கும்போது, "நல்ல காணி எல்லாம் தேயிலையில் இருக்கிறது, அந்தப் பழைய கல்குவாரியை வேண்டுமானால் சீர்திருத்தி எடுத்துக்கொள்ளுங்கள்" என்ற பதில் வருகிறது.

கூட்டமொன்றில் இதைக் கேட்ட ஒரு தாய் எழுந்து, "சாமி, மலையெல்லாம் அவங்களுக்கு, குழி மட்டும் எங்களுக்கா?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்லவே இதை எழுதுகிறோம்.

முதலில், கல்குழிக்கு உயிர் வருமா? வரும். கென்யா நாட்டின் மொம்பாசாவுக்கு அருகில் பம்புரி என்னும் இடத்தில் சீமெந்துக்காகச் சுண்ணாம்புக் கல் தோண்டிய பெரும் பள்ளங்கள் கிடந்தன. 1971இல் ரெனே ஹாலர் என்பவர் அங்கே மரம் நடத் தொடங்கினார். நட்டுப் பார்த்த 26 வகை மரங்களில் மூன்றே வகைதான் பிழைத்தன. அவற்றில் ஒன்று சவுக்கு. உதிர்ந்த சவுக்கு இலைகள் மக்காமல் குவிந்தபோது, அவற்றைத் தின்று எருவாக்கும் மரவட்டைகளைக் கொண்டுவந்து விட்டார். மரவட்டையின் எச்சத்திலிருந்து மண் உண்டானது. பின்னர் மீன் வளர்ப்பு வந்தது, காடு வந்தது. இன்று அது மக்கள் வந்து பார்க்கும் பூங்கா. 26இல் 23 வகை தோற்றபோதும் அவர் வேலையை நிறுத்தவில்லை என்பதையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

கடலோரத்துச் சவுக்கை அப்படியே மலைநாட்டுக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. நமக்கு வேண்டிய பாடம் நமது வாசலிலேயே இருக்கிறது. 1925இல் தொடங்கப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில்தான் இயங்குகிறது. கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் மறுபடி கன்று நடுவதற்கு முன், மானாப்புல்லோ குவாத்தமாலாப் புல்லோ நட்டு, ஒன்றரை முதல் இரண்டு வருடம் வெட்டி வெட்டி நிலத்திலேயே பரப்பச் சொல்வது அந்த நிலையம் கற்பித்த முறை. புல்லின் வேர் மண்ணைத் திறக்கிறது, வெட்டிய புல் மக்கி மண்ணாகிறது. தோட்டத்தில் வேலை செய்த நமது பெண்களுக்கும் ஆண்களுக்கும் இது புதிய பாடமல்ல. துரையின் தேயிலைக்காகச் செய்த வேலையை இம்முறை தமது காணிக்காகச் செய்யப் போகிறார்கள்.

கல்குவாரியில் வேலை இன்னும் கடினம், ஏனெனில் அங்கே மேல்மண்ணே இல்லை. ஆகவே வேலை ஓர் ஒழுங்கில் நடக்க வேண்டும். முதலில் மேலே தொங்கும் தளர்ந்த பாறைகளை அனுபவமுள்ளவர்கள் இறக்க வேண்டும். வெடிக்காத மருந்து எஞ்சியிருக்கிறதா என்று அதற்குரியவர்கள் பார்க்கும்வரை யாரும் அங்கே கடப்பாரை வைக்கக் கூடாது. அடுத்து, குழிக்கு மேலே கான் வெட்டி மழைநீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். பின்னர் சிதறிக் கிடக்கும் கல்லைக்கொண்டே படிப்படியாகக் கல்லணை கட்டி, அதன் பின்னால் மண்ணையும், மாட்டெருவையும், கூட்டெருவையும் நிரப்ப வேண்டும். அதன்பிறகே புல்லும் முள்முருக்கும். மூன்றாம் வருடத்துக்கு முன் லீக்ஸையோ கரட்டையோ எதிர்பார்ப்பது பேராசை. நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டி விரைவாக நிரப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அதற்கு உடன்படக் கூடாது. அந்தக் கழிவுநீர் கீழேயுள்ள பீலித் தண்ணீரில்தான் கலக்கும்.

தண்ணீர் நிற்கும் குழியை எல்லாம் மூடிவிட வேண்டும் என்பதுமில்லை. 2017ஆம் ஆண்டு வறட்சியின்போது சென்னை மாநகரம், மாங்காட்டுக்கு அருகேயுள்ள சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த நீரைச் சுத்திகரித்துக் குடித்தது. நமது குழியும் ஒரு குளமாகலாம். ஆனால் நீரைப் பரிசோதிக்க வேண்டும், வேலி போட வேண்டும், பிள்ளைகள் இறங்காதபடி பார்க்க வேண்டும்.

அடுத்து, நாம் உறுதியாக மறுக்க வேண்டிய ஒன்று உண்டு. கல்குவாரியின் சுவருக்கு அடியிலோ, நிரப்பிய மண்ணின் மேலோ வீடு கட்ட ஒப்புக்கொள்ளக் கூடாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த மலையைப் பற்றி முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் போவதற்கு வேறிடம் ஆயத்தமாக இருக்கவில்லை. ஒரு சரிவிலிருந்து தப்பி வந்த குடும்பத்தை இன்னொரு சரிவின் காலடியில் குடியேற்றுவதை அபிவிருத்தி என்று அழைக்க நமக்கு வாய் வராது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கையை எழுத்தில் பெறாமல் ஒரு கல்லும் வைக்கக் கூடாது. குவாரி பயிருக்கும் புல்லுக்கும் நீருக்கும் உரியது. வீட்டுக்கு வேறு காணி கேட்போம்.

இனி அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறோம். 1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலைக்கு அருகே டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் என்ற இளைஞன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தான். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணி பிரித்துக் கொடுக்கப்படுவதை எதிர்த்து, தமது வாழ்விடம் பறிபோகும் என்று அஞ்சித் தொழிலாளர் திரண்ட நாட்கள் அவை. காடாகக் கிடந்த மலையைப் பொன் விளையும் மலையாக்கியவர்களின் பெயர் எந்த உறுதியிலும் இருக்கவில்லை. நமது வரலாற்றின் காயம் இதுதான்: நிலத்தைத் திருத்துகிறவர் ஒருவர், நிலத்துக்கு உரியவர் வேறொருவர்.

இந்தக் காயத்தைக் கல்குழியில் மறுபடி திறக்க விடலாமா? பத்து வருடம் மண் சுமந்து குழியைத் தோட்டமாக்கிய பிறகு, "இது எங்கள் குத்தகைக்குள் இருக்கிறது" என்று ஒருவர் கடிதத்தோடு வந்தால் யார் பதில் சொல்வது? ஆகவே முதல் கூடை மண் விழுவதற்கு முன்பே காணி அளக்கப்பட வேண்டும். குடும்பங்களின் பெயரில், கணவன் மனைவி இருவரின் பெயரிலும், எழுத்து வேண்டும். பொதுவான குளத்துக்கும் புல்நிலத்துக்கும் சங்கத்தின் பெயரில் எழுத்து வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் வாய்மொழி போதாது. நம்மைப் போன்ற குருவானவரின் வாய்மொழியும் போதாது. நாம் இடமாற்றம் பெற்றுப் போய்விடுவோம். நீங்கள் இங்கேதான் இருப்பீர்கள்.

கூலியும் வேண்டும். 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனிப்பொருள்கள் சட்டத்தின் கீழ், தோண்டுகிறவரே தோண்டிய இடத்தைச் சீராக்கவும் பொறுப்பாளி. அதற்கு முன்னரே கைவிடப்பட்ட பழைய குழிகளுக்குப் பொறுப்பேற்க யாரும் முன்வருவதில்லை. அதனால் அந்தச் செலவை இடம்பெயர்ந்த குடும்பத்தின் முதுகில் ஏற்றுவது நியாயமாகாது. ஒருநாள் சிரமதானம் நல்லது. இரண்டு வருடச் சிரமதானம் கூலியில்லா வேலை. விளைச்சல் வரும்வரை வேலைக்குக் கூலி கொடுப்பது எந்தத் திட்டத்திலும் முதல் செலவாக எழுதப்பட வேண்டும்.

"இவ்வளவு நிபந்தனை போட்டால் கிடைப்பதும் கிடைக்காமல் போகுமே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நாம் இகழவில்லை. கூடாரத்தில் குழந்தையோடு இருப்பவருக்கு ஒரு பிடி மண்ணும் பெரிதுதான். ஆனால் எழுத்தில்லாமல் பெற்றதை எழுத்தில்லாமலே இழந்தவர்கள் நாம். பத்துக் குடும்பம் தனித்தனியே கேட்டால் கெஞ்சுவதாகத் தெரியும். சங்கமாகச் சேர்ந்து, அறிக்கையையும் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனால் அது கோரிக்கையாகும்.

அந்தத் தாய்க்கு நாம் சொல்லும் பதில் இதுதான். குழி மட்டும் போதாது அம்மா. நல்ல காணிக்கான கோரிக்கையை ஒருநாளும் கைவிட வேண்டாம். ஆனால் குழியையும் விட வேண்டாம். முதலில் பெயரை எழுதச் சொல்லுங்கள். பிறகு புல்லை நடுவோம்.