இரண்டு எடைக்கல்

ஏற்காட்டில் 'லேடீஸ் சீட்' பாறையில் உட்கார்ந்தால், இருட்டியதும் சேலம் நகரத்து விளக்குகள் கீழே இறைந்து கிடப்பது தெரியும். போன மாதம் ஒரு மாலை அங்கேதான் என் சிநேகிதர் தம் மனக்குறையைக் கொட்டினார். கல்லூரி ஒன்றில் முப்பது வருஷம் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய கபடி அணியில் ஒரு பையன் வயதைக் குறைத்துக் காட்டி ஆடிவிட்டானாம். பையனை விலக்கியதோடு விடாமல், அணியையே இரண்டு வருஷம் தள்ளி வைத்தார்கள். அதே வருஷம் பெரிய கல்லூரி ஒன்றிலும் அதே குற்றம். அங்கே ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு காரியம் முடிந்தது.

"தப்புக்குத் தண்டனை வேண்டாம் என்றா சொல்கிறேன்? இரண்டு தப்பும் ஒரே எடைதானே, சார்!" என்றார்.

மலைக்கு மிளகு வாங்க வரும் வியாபாரிகளில் சிலர், வாங்க ஓர் எடைக்கல், விற்க ஓர் எடைக்கல் வைத்திருப்பார்கள் என்று சொல்வதுண்டு. விளையாட்டுச் சங்கங்களின் மேஜையிலும் அந்த இரண்டு கற்கள் இருக்கின்றன.

ஒரே கல்லால் நிறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் சாட்சி உண்டு. இந்த விளக்குகளுக்கு அப்பால், சின்னப்பம்பட்டியில். கூலித் தொழிலாளியின் மகன் நடராஜன் 2015 ஜனவரியில் தமிழ்நாட்டுக்காக முதன்முதல் ரஞ்சிப் போட்டியில் பந்து வீசினார். வீச்சு சந்தேகத்துக்குரியது என்று புகார் எழுந்தது. முழங்கை 15 டிகிரிக்கு மேல் மடங்கி நிமிரக்கூடாது என்பது விதி. அது ராஜா வீட்டுக் கைக்கும் 15, கூலிக்காரர் வீட்டுக் கைக்கும் 15. குற்றம் இன்னதென்று தெரிந்தது, திருத்திக்கொள்ள வழியும் இருந்தது. திருத்திக்கொண்டார். 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்றுவகை ஆட்டத்திலும் இந்தியாவுக்காக இறங்கினார்.

இனி புதுக்கோட்டைப் பக்கத்துக் கத்தக்குறிச்சிக்கு வாருங்கள். சூளையில் செங்கல் அறுத்த குடும்பத்துப் பெண் சாந்தி சௌந்தரராஜன். 2006 டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனையில் தேறவில்லை என்று பதக்கத்தைப் பறித்துக்கொண்டார்கள். மருந்து தின்றாரா? வயதை மறைத்தாரா? கடவுள் கொடுத்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் பரிசு கொடுத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அவருக்காக வழக்காட வேண்டிய நம்முடைய விளையாட்டுச் சங்கத்தார் வாயைத் திறக்கவில்லை. பிறகு அந்தப் பெண் தினக்கூலிக்குச் சூளைக்கே போனதைப் பத்திரிகையில் படித்தோம். படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டினோம்.

மூன்று வருஷம் கழித்து, 2009இல், பெர்லினில் அதே 800 மீட்டரில் தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமன்யா தங்கம் வென்றார். அவர்மீதும் அதே சந்தேகம், பரிசோதனை. ஆனால் அவர் தேசமே திரண்டு பின்னால் நின்றது. தங்கத்தை யாரும் தொடவில்லை. 2010இல் மறுபடியும் ஓடினார். பின்னால் புதுவிதி போட்டு அவரையும் தடுத்தார்கள் என்பது வாஸ்தவம். அப்போதும் வழக்காட அவருக்கு ஆள் இருந்தது. அந்த வழக்கு சரியாக விசாரிக்கப்படவில்லை என்று 2025 ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமே சொல்லிற்று. நம் ஒடிஷாவின் தூத்தி சந்த் 2014இல் விலக்கப்பட்டபோதும் இங்கே துணை நிற்க ஆள் இருந்தது. விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போய், 2015இல் அந்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார்.

பெண்கள் பந்தயத்துக்கு ஓர் எல்லை வேண்டாமா என்று வாசகர் கேட்கலாம். வேண்டும் ஐயா! எல்லை எதுவென்று ஓடுகிறவளுக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். அவள் பக்கத்தையும் கேளுங்கள். பெர்லினுக்கு ஒரு கல், கத்தக்குறிச்சிக்கு ஒரு கல் என்று வைத்துக்கொண்டு அதற்கு ஒழுங்கு நடவடிக்கை என்று பெயர் சூட்டாதீர்கள். சாந்தி பின்னாளில் பயிற்சியாளராகிப் பிள்ளைகளை ஓட வைத்தார். வெள்ளி மட்டும் திரும்பி வரவில்லை.

பனி இறங்கவே எழுந்துகொண்டோம். அந்தக் கபடிப் பையன்கள் என்ன ஆனார்கள் என்று சிநேகிதரைக் கேட்டேன்.

"தடை முடிவதற்குள் படிப்பு முடிந்துவிட்டது. வயதை மறைத்தவன் ஒருத்தன். மற்றப் பதினொரு பேர் என்ன செய்தார்கள்? விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு எழுதிப் போடலாம் என்று இருந்தான் ஒருவன். இப்போது லாரிப் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிறான்" என்றார்.