தராசு பொய் சொல்லாது

ஜப்பானில் கருய்சாவா என்று ஒரு மலையூர். வருடத்துக்கு ஒருமுறை அங்கே ஒரே ரகக் கார்கள் நூற்றுக்கணக்கில் வந்து வரிசை கட்டி நிற்கும். மாஸ்டா எம்எக்ஸ்-5. ஜப்பான்காரர்களுக்கு ரோட்ஸ்டர், அமெரிக்கர்களுக்கு மியாட்டா. இரண்டே சீட். துணிக் கூரை. அதை விடுவித்துப் பின்னால் தள்ளினால் தலைக்கு மேலே ஆகாயம். அவ்வளவுதான் கார்.

இந்தக் காரின் ரசிகர்கள் உலகத்தில் எங்கே கூடினாலும் ஒரு சண்டை நிச்சயம். 1989ல் வந்த முதல் கார் ஒஸ்தியா, 2015ல் விற்பனைக்கு வந்த நான்காம் தலைமுறை ஒஸ்தியா? "அதுதான் சார் கார். இது சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்" என்பது பழைய கோஷ்டி. "புதுசு நல்லாத்தான் இருக்கு, ஆனா இன்னும் கொஞ்சம் குதிரைசக்தி வேணும்" என்பது புதிய கோஷ்டி.

பி.காம். படித்த எனக்கு இன்ஜினைப் பிரித்து மாட்டத் தெரியாது. கணக்குப் பார்க்கத் தெரியும். பார்த்தேன். இரண்டு கோஷ்டியுமே தப்பு. அதிலும் பழைய கோஷ்டியின் தப்பு, அவர்கள் கும்பிடுகிற காரையே கொன்றுவிடக் கூடியது.

முதலில் கொஞ்சம் பூர்வகதை. இந்த மாதிரிச் சின்ன ஸ்போர்ட்ஸ் கார்கள் இங்கிலாந்தின் சொத்து. எம்ஜிபி என்று ஒரு கார், 1962லிருந்து 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 1974ல் அமெரிக்கச் சட்டத்துக்காக அதன் முகத்தில் பெரிய கறுப்பு ரப்பர் பம்பரை ஒட்டினார்கள், வண்டியின் உயரத்தையும் ஏற்றினார்கள். கார் கனத்தது, வளைவுகளில் தள்ளாடியது. 1980ல் அபிங்டன் தொழிற்சாலைக்கே பூட்டுப் போட்டாயிற்று.

அதே காலகட்டத்தில்தான் பாப் ஹால் என்ற அமெரிக்க கார் நிருபர், மாஸ்டாவின் ஆராய்ச்சித் தலைவராக இருந்த கெனிச்சி யமமோட்டோவிடம் ஒரு யோசனை சொன்னார். எங்க ஊர் ஆசாமிகள் இழந்துவிட்ட அந்த பிரிட்டிஷ் காரை நீங்கள் செய்யுங்கள், ஆனால் ஆயில் ஒழுகாமல் செய்யுங்கள் என்பதுதான் அதன் சாராம்சம். ஒரு பத்திரிகைக்காரன் பேச்சைக் கேட்டு ஒரு கம்பெனி கார் செய்தது உலக சரித்திரத்தில் அபூர்வம்!

1989 பிப்ரவரி, சிகாகோ கார் கண்காட்சி. திரை விலகியது. சாதாரண 1.6 லிட்டர் இன்ஜின். சுமார் 115 குதிரைசக்தி. எடை ஜப்பானில் 940 கிலோ. விலை அமெரிக்காவில் 13,800 டாலர். அதற்கும் மேலே பிரீமியம் கொடுத்து ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். திட்டத் தலைவர் தோஷிஹிகோ ஹிராய் பிடித்துக்கொண்டது ஒரே கொள்கை: குதிரையும் வீரனும் ஒன்று. ஜப்பானிய மொழியில் ஜின்பா இட்டாய். குதிரை மெலிந்திருந்தால்தான் வீரனுக்கு அதன் மூச்சு கேட்கும். அதனால் எது கேட்டாலும் முதல் பதில் "வேண்டாம்".

சரி. அப்புறம் என்ன ஆச்சு? எல்லாக் கார்களுக்கும் ஆனதுதான். 1959ல் 600 கிலோவைச் சுற்றி நின்ற மினி, 2001ல் பிஎம்டபிள்யூ கையில் மறுபிறவி எடுத்தபோது 1,000 கிலோவைத் தாண்டிவிட்டது. எம்எக்ஸ்-5ம் தப்பவில்லை. 2005ல் வந்த மூன்றாம் தலைமுறை 1,100 கிலோவைத் தொட்டது. மறு வருடம் மின்சாரத்தில் மடங்கும் கெட்டிக் கூரை வந்தது. அதற்குத் தனி எடை. கல்யாணமாகிப் பத்து வருடமான மாப்பிள்ளை மாதிரி, ஆளைப் பார்த்தால் நல்லாத்தான் இருக்கார், மாடிப்படி ஏறினால்தான் தெரிகிறது.

இங்கேதான் பழைய கோஷ்டி கவனிக்க மறுக்கிற விஷயம் நடந்தது. மாஸ்டா திரும்பி நடந்தது. நான்காம் தலைமுறையில் 100 கிலோ வரை இறக்கினார்கள். பானெட், டிக்கி மூடி, முன் மட்கார்டு எல்லாம் அலுமினியம். சக்கரத்துக்கு ஐந்து நட்டு இருந்த இடத்தில் மறுபடி நான்கு. பக்கத்து சீட்டுக்கு முன்னால் இருக்குமே ஒரு பெட்டி, அதையே தூக்கிவிட்டார்கள். நீளமோ 1989 காரைவிடக் குறைவு. 1.5 லிட்டர் கார் தராசில் ஏறியபோது ஜப்பானில் 990 கிலோ.

இப்போது கழித்தல் கணக்கு. 990லிருந்து 940 போனால் 50. கால் நூற்றாண்டில் ஏர்பேக்குகள் வந்தன, சறுக்காமல் பிடிக்கும் பிரேக் வந்தது, வண்டி தடம் மாறினால் திருத்தும் எலெக்ட்ரானிக்ஸ் வந்தது, மோதினால் நசுங்காத கூடு வந்தது. இத்தனைக்கும் சேர்த்து ஐம்பதே கிலோ. இதைச் செய்தவர்களைப் பார்த்து "ஆத்மா போச்சு" என்கிறீர்களே, நியாயமா?

விலைக்கு வாங்க. 1989ன் 13,800 டாலரை அமெரிக்க விலைவாசி உயர்வோடு பெருக்கினால் 2015ல் 26,000 டாலரைத் தாண்டும். புதிய காரின் ஆரம்ப விலையோ 25,000க்குக் கொஞ்சம் கீழே. பெரிய 2 லிட்டர் இன்ஜினும் உண்டு. தாத்தாவைவிடப் பேரன் மலிவு.

பழைய காரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. சுவிட்சைத் தட்டினால் தவளைக் கண் மாதிரி எழும்பும் அந்த ஹெட்லைட்டுகளைப் பார்த்துச் சிரிக்காதவன் மனுஷனே இல்லை. பவர் ஸ்டீயரிங் இல்லாத முதல் கார்களில் ரோட்டில் கிடக்கும் கூழாங்கல் உள்ளங்கைக்குச் சேதி அனுப்பும். புதிய காரில் மின்சார மோட்டார் நடுவில் நின்று அந்தச் சேதியைச் சுருக்கித்தான் சொல்கிறது. வீட்டு வாசலில் வைத்து ஸ்பானரால் ரிப்பேர் பார்க்கலாம் என்ற சுகமும் பழையதில்தான். ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு கேள்வி. உங்கள் பையனுக்குப் பதினெட்டு வயசு. ராத்திரி, மழை, மலைப்பாதை. எந்தச் சாவியைக் கொடுப்பீர்கள்? பதிலை எனக்குச் சொல்ல வேண்டாம். உங்கள் சம்சாரத்திடம் சொல்லுங்கள், போதும்.

இப்போது என் சப்ஜெக்ட், பற்று வரவு. நீங்கள் ஒரு பழைய எம்எக்ஸ்-5ஐ இன்னொரு ரசிகரிடமிருந்து பெரிய தொகை கொடுத்து வாங்குகிறீர்கள். அதில் கம்பெனிக்கு எவ்வளவு? சைபர். உதிரி பாகம் வாங்கினால் கொஞ்சம் சில்லறை. கம்பெனி அடுத்த காரைச் செய்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பது உங்கள் கண்ணீரைப் பார்த்து அல்ல, புதுக் கார் விற்ற ரசீதைப் பார்த்து.

நம்பிக்கையில்லை என்றால் கல்லறையைச் சுற்றிப் பாருங்கள். டொயோட்டா எம்ஆர்2, 2007ல் போச்சு. ஹோண்டா எஸ்2000, 2009ல் போச்சு. இலகுவான காருக்கு இலக்கணம் என்று சொல்லப்பட்ட லோட்டஸ் எலீஸ், 2021ல் போச்சு. இந்த மாஸ்டாவின் உடம்பிலேயே ஹிரோஷிமாவில் செய்யப்பட்ட ஃபியட் 124 ஸ்பைடர்கூட நிலைக்கவில்லை. உயிரோடு இருந்தபோது ஆளுக்கொரு குறை சொன்னார்கள். செத்த பிறகு மாலை போட்டுப் பழைய வண்டியைத் தேடி ஓடினார்கள். சாவு வீட்டில் அழுகிறவர்களில் எத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள்?

புதிய கோஷ்டியை மறந்துவிடவில்லை. இன்னும் சக்தி, இன்னும் பெரிய டயர், டர்போ என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பெரிய சக்திக்குப் பெரிய பிரேக், பெரிய பிரேக்குக்குப் பெரிய சக்கரம், பெரிய சக்கரத்துக்குக் கெட்டியான சேஸிஸ். ஒவ்வொன்றும் பத்துப் பத்துக் கிலோ. எம்ஜிபி செத்தது சட்டத்தால். இது செத்தால் உங்கள் விருப்பப் பட்டியலால். 2021 கடைசியில் மாஸ்டா ஜப்பானில் ஒரு ரகத்தை அறிவித்தது. பெயர் 990எஸ். மற்றவர்கள் காரின் பின்னால் சக்தியைப் பெருமையாக எழுதுவார்கள், இவர்கள் எடையைப் பெயராக வைத்தார்கள். உங்களுக்கான பதில் அதிலேயே இருக்கிறது.

"இந்தியாவில் விற்காத காருக்கு உமக்கேன் இத்தனை ஆத்திரம்?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. ஒரு பொருளில் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்று யோசிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எதை எடுத்துவிடலாம் என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து யோசிப்பவர்கள் ரொம்பக் கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேருக்குச் சம்பளம் கிடைக்க வேண்டும். அவர்கள் செய்ததை யாராவது காசு கொடுத்து வாங்கினால்தான் கிடைக்கும்.

1989 காரின் ஆத்மா அந்தத் தவளைக் கண்ணில் இல்லை. ஹிராய் சொன்ன அந்த "வேண்டாம்" என்ற வார்த்தையில் இருந்தது. அதைத் திரும்பச் சொன்னவர்களின் காரில் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. பழைய காரைக் காதலிக்கிறவர்கள் தாராளமாகக் காதலிக்கட்டும். ஆனால் வசதி இருந்தால், ஷோரூம் பக்கம் போய்ப் புதுசுக்கு ஒரு செக் எழுதிவிட்டு வந்து காதலிக்கட்டும்.