கண்ணாடித் தொட்டியிற் கடற்பூ

வேரில்லாத பூவொன்று கடலிலே உண்டு. அதற்கு மணம் இல்லை. ஆனால் வாய் உண்டு, பசியும் உண்டு. நமது பாடநூல்கள் கடலனிமனி என்றும், தமிழகத்தார் கடற்சாமந்தி என்றும் வழங்கும் இவ்வுயிர் தாவரமன்று. முருகைக்கல்லை ஆக்கும் உயிருக்கு உறவான விலங்கு. இதழ்களெனத் தோன்றுபவை பரிசக் கொம்புகள். அவற்றிலுள்ள கொட்டுங் கலங்கள், தீண்டிய சிற்றுயிரை நஞ்சால் மடக்கி வாய்க்கு ஊட்டுகின்றன. அந்நஞ்சுக்கு அஞ்சாது கொம்புகளிடையே குடியிருப்பது கோமாளி மீன்.

கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கும் மாணவர் சிலர், "ஐயா, கோமாளி மீன் நன்றாக இருக்கிறது, கடற்பூ ஒன்றும் விடலாமா?" என்று வினவுவதுண்டு. விடலாம், ஆனால் தொட்டி அமைத்து ஆறு மாதமாவது பொறுத்தல் வேண்டும். மீனின் கழிவிலிருந்து பிறக்கும் அமோனியா நஞ்சாகும். கல்லிலும் மணலிலும் குடியேறும் பற்றீரியங்களே அதனை நைத்திரைற்றாகவும், பின்னர் தீங்கு குறைந்த நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. அவை பெருகி, நீரின் இயல்பு நிலைபெறுமுன் அனிமனியை விடுதல், கூரை வேயாத வீட்டில் விருந்தினரைக் குடியேற்றுவது போலாம்.

கடல் அருகிருப்பதால் நீருக்குக் குறைவில்லை எனக் கருதவும் கூடாது. மார்கழி மாரியில் வயல்நீரெல்லாம் வாய்க்கால் வழியே கடல் சேரும்போது கரையோர நீரின் உவர்ப்புக் குறைகிறது. வயலுக்கிட்ட உரமும் நஞ்சும் உடன் வருகின்றன. ஆயிரம் பங்கு நீரில் ஏறத்தாழ 35 பங்கு உப்பு இருத்தல் வேண்டும். வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியசு வரை இருப்பது நலம்.

உயிரைக் கொணர்ந்ததும் தொட்டியில் கொட்டிவிடலாகாது. பையோடு சிறிது நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துக. பின்பு தொட்டி நீரை மெல்லிய குழாய்வழி துளித்துளியாக ஒரு மணி நேரம் பையிற் சேர்த்து, பைநீரை விலக்கி உயிரை மட்டும் விடுக. நீரோட்டப் பொறிகளின் வாயை முன்னரே வலையால் மூடிவிடுதல் அவசியம். ஏனெனில் அனிமனி தனக்கு உகந்த இடத்தைத் தானே தேடி நகரும். பொறியில் அகப்பட்டுச் சிதைந்து அழுகினால் தொட்டியிலுள்ள ஏனைய உயிர்களும் மாளக்கூடும். ஒட்டிக்கொண்ட பாதத்தைப் பிய்த்திழுப்பதும் தவறு.

வெப்பக் கடல் அனிமனியின் உடலினுள்ளே நுண்ணிய அல்காக்கள் வாழ்ந்து, ஒளித்தொகுப்பால் அதற்கு உணவளிக்கின்றன. ஆகவே வலிய ஒளி வேண்டும். வெள்ளை வெளேரென்று கடையிலிருப்பதை அழகென்று வாங்கற்க. அல்காக்களை இழந்து நலிந்த உயிராகவே அது பெரும்பாலும் இருக்கும். ஒரு கிழமை சென்றபின் இறாற் சதையைச் சிறு துண்டாக்கி இடைக்கிடை கொடுத்தல் போதும்.

இத்துணை பாடு எதற்கு? இதன் ஆயுள் நெடிது. ஸ்கொத்லாந்தில் ஜோன் டலியெல் என்னும் அறிஞர் 1828 இல் கரையிலிருந்து எடுத்து வளர்த்த அனிமனியொன்று, அவர் 1851 இல் மறைந்த பின்னும் பிறர் பேணலில் 1887 வரை வாழ்ந்தது. "பாட்டி" என்றே அதனை அழைத்தனர். அது குளிர்க்கடல் இனம்; ஒளியும் பொறியும் வேண்டாதது. நமது தொட்டியோ மின்சாரத்தை நம்பி நிற்பது. 2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின் தடைப்பட்டதை எவரும் மறந்திரார். மின்கலத்தில் இயங்கும் காற்றுப்பொறி இல்லாத வீட்டில் அத்தகைய ஓரிரவு போதும், தொட்டி முழுவதும் அழிய.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் கோமாளி மீனைத் தொட்டியிலேயே பொரிக்கச் செய்துள்ளனர். கடற்பூவோ இன்னும் பெரும்பாலும் கடலிலிருந்தே பறிக்கப்படுகிறது. 1998 இன் கடல் வெப்பத்தால் இக்கடுவையின் முருகைப் பார்கள் வெளிறி மடிந்தன. எஞ்சியவற்றிலிருந்து ஒன்றை எடுப்போமாயின், அதனை வாழவைக்கும் கடன் நமதே. கோமாளி மீன், அனிமனி இன்றியும் தொட்டியில் நலமே வாழும். மின்கட்டணத்தை எண்ணி அம்மாமாரும் உம்மாமாரும் தயங்கும் வீடுகளில் மீனோடு நிற்பதே நன்று. கடற்பூவைக் காண விழைவோர் திருகோணமலைப் புறாத்தீவுக்குச் செல்லலாம். 2003 முதல் அது தேசிய வனம். அங்கே கைபடாமற் கண்டு மகிழ்க.