ஊருக்கு மேலே பறந்து, ஊரைத் தேடி வந்த பிரயாணம்!

சென்னை விமான நிலையத்துக்கும் யாழ்ப்பாணத்தை அடுத்த பலாலி விமான நிலையத்துக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். திருச்சியிலிருந்து என்றால் 185 கிலோமீட்டர்கூட இல்லை. திருச்சியிலிருந்து சென்னைக்கே நேர்கோட்டில் ஏறக்குறைய 290 கிலோமீட்டர் ஆகிறது. ஆகத் திருச்சிக்காரருக்குத் தலைநகரைவிடப் பலாலி பக்கம்!

ஆனால் இந்தக் கூப்பிடு தூரத்தைக் கடக்க, யாழ்ப்பாணத்தார் பல வருஷங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டபின் பலாலி ராணுவத் தளமாயிற்று. அயல்நாட்டு விமானம் ஏற வேண்டுமானால் கட்டுநாயக்காவுக்குத்தான் போக வேண்டும். சென்னையிலிருந்து கட்டுநாயக்கா சுமார் 640 கிலோமீட்டர். படத்தை விரித்து ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தக் கோடு யாழ்ப்பாணக் குடாநாட்டின் மீதே போகிறது! சொந்த ஊரின் தலைக்கு மேலே பறந்து, தெற்கே போய் இறங்கி, பிறகு பஸ்ஸிலோ ரயிலிலோ 400 கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரவேண்டும். 355 கிலோமீட்டர் பிரயாணம் ஆயிரத்தைத் தாண்டிவிடும். கல்யாணம் என்றால் முன்கூட்டியே கிளம்பலாம். சாவுச் செய்தி வந்தால் என்ன செய்வது?

இத்தனைக்கும் இது புதிய மார்க்கமல்ல. பலாலி ஓடுபாதை இரண்டாம் உலக யுத்தத்தின்போது பிரிட்டிஷ் விமானப்படை போட்டது. 1947 டிசம்பர் 10-ந் தேதி ஏர் சிலோன் கம்பெனியின் முதல் விமானமே ரத்மலானையில் கிளம்பி, பலாலியில் இறங்கி, சென்னைக்கு வந்தது. அது டக்கோட்டா விமானம். மணிக்கு 300 கிலோமீட்டர் வாக்கில் பறக்கும்.

2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. கொரோனாவால் 2020 மார்ச்சில் நின்ற சென்னை விமானம் 2022 டிசம்பரில் மீண்டும் பறந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோ சென்னையிலிருந்தும், 2025 மார்ச் இறுதியில் திருச்சியிலிருந்தும் சேவை தொடங்கியது.

இவை எழுபது, எண்பது பேர் ஏறும் ஏ.டி.ஆர். விமானங்கள். வேகம் மணிக்கு 500 கிலோமீட்டர். கணக்குப்படி சென்னையிலிருந்து முக்கால் மணி போதும். கால அட்டவணையிலோ ஒன்றேகால் மணி! திருச்சிக்குத் தூரம் பாதிதான். நேரம் பாதியாகவில்லை, ஒரு மணி ஆகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், மேலே ஏறுவதும், இறங்க முறை பார்ப்பதும் தூரம் எவ்வளவானாலும் குறைவதில்லை. டக்கோட்டா காலத்திலிருந்து விமான வேகம் கூடியும் மிச்சமானது அரை மணிகூட இல்லை. கட்டுநாயக்கா சுற்று ஒழிந்ததில்தான் ஒரு முழுப் பகல் மிச்சம்.

இன்னும் பெரிய ஜெட் விமானங்கள் வர ஓடுபாதை நீள வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் ஓடுபாதை நீள நிலம் வேண்டும். பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கிலிருந்து 1990-ல் வெளியேறிய குடும்பங்களுக்குக் காணியில் ஒரு பகுதி திரும்பிவிட்டது. மீதிக் காணியைக் கேட்டு இன்றும் மனுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஓடுபாதையை அளக்கப் போகும் அதிகாரிகள் முதலில் பேச வேண்டியது அவர்களிடம்தான்.